பதினான்கு குறைகள் உள்ள வீடு

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம், கடையும் நலம். குட்டிக்கு இருமல் விட்டதா? உன் வீட்டுக்காரி எப்படி இருக்கிறாள்?

நீங்கள் சொந்த வீடு தேடுகிறீர்கள் என்பது அவள் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ மூச்சு விடவில்லை. சொன்னால் நான் மூக்கை நுழைப்பேன் என்ற பயம். நுழைக்கத்தான் போகிறேன். நாம் இருவரும் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். அதனால்தான் காகிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

தரகர் வைக்கலாமா என்று யோசிக்கிறாயாமே. வேண்டாம். நடுவில் நிற்கிறவர் எப்படிப் பிழைக்கிறார் என்று என்னைக் கேள். இருபத்தாறு வருஷமாக நானே அதுதான். பூட்டு செய்கிறவனுக்கும் பூட்டு வாங்குகிறவனுக்கும் நடுவில் நின்று என் சாப்பாட்டை எடுத்துக்கொள்கிறேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் என் தம்பி வேறொருவருக்கு அந்தச் சாப்பாட்டைப் போட வேண்டியதில்லை. விற்கிறவரைத் தேடி நேராகப் போ. பகலில் ஒரு தரம், மழை பெய்யும்போது ஒரு தரம் பார். குழாயையெல்லாம் திறந்துவிடு. கதவுகளை இழுத்துப் பார். முக்கியமாக, பிடித்திருந்தால் முகத்தில் காட்டாதே. உன் முகம் கண்ணாடி மாதிரி, வியாபாரத்துக்கு ஆகாது.

தரகரிடம் போகமாட்டேன் என்று எழுதிக் கொடு.

உன் அக்கா


ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். குட்டிக்கு இருமல் போய்விட்டது. இப்போது ஓயாத பேச்சு வந்திருக்கிறது. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அதற்கு மருந்து இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

சரி அக்கா, தரகரிடம் போகவில்லை. போகத் தேவையும் வராது போலிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு வீடு. வாசலில் கையால் எழுதிய பலகை: "வீடு விற்பனைக்கு. தரகர் வேண்டாம்." உனக்குப் பிடித்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

மின்கம்பம் ஏறும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். விடுமுறை நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வருஷம் எடுத்துத் தன் கையால் கட்டிய வீடாம். "மெதுவா பாருங்க, வீடு எங்கயும் ஓடிடாது" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு அறை, கூடம், பின்பக்கம் சின்ன முற்றம். சில விஷயங்கள் விசித்திரம்தான். ஸ்விட்சுகள் எல்லாம் என் இடுப்பு உயரத்தில் இருக்கின்றன. சமையல் மேடை தாழ்வு. குளியலறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. சமையலறை ஜன்னல், வீட்டுக்கே பொருந்தாத அளவு பெரியது. வாசல் படிகளில் மூன்றாவது மட்டும் மற்றதைப்போல் இரண்டு மடங்கு அகலம்.

ஆனால் அக்கா, என் வீட்டுக்காரி அந்தச் சமையலறையில் ஐந்து நிமிடம் நின்று எங்கே எதை வைப்பது என்று கையால் அளந்தாள். அவள் அப்படி அளந்து நான் இதற்கு முன் பார்த்ததில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இப்போது இருப்பது ஐந்தாவது வாடகை வீடு. இதையும் ஜூன் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "இது கெடைச்சா நல்லா இருக்கும்."

அன்புடன்,
தம்பி


ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்த அன்று கடையில் சரக்கு இறங்கியது. கதவுக் கீல் மூட்டை மேலேயே உட்கார்ந்து படித்தேன்.

தரகர் வேண்டாம் என்று பலகை எழுதியவர் விவரமான ஆள். விலையில் இறங்கமாட்டார் என்று அர்த்தம். இறக்க ஒரே வழிதான் உண்டு. குறை. நீ எழுதியதைப் படித்தே எட்டு குறை எடுத்துவிட்டேன், தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஸ்விட்ச் தப்பான உயரத்தில் இருக்கிறது, குழந்தை உள்ள வீட்டுக்கு ஆபத்து. மேடை தாழ்வு, இடித்துத்தான் கட்ட வேண்டும். குளியலறைக் கதவு தலைகீழ். ஜன்னல் திருடனுக்குச் சௌகரியம். படி தடுக்கும். இப்படி. மீதியை நீ போய்ப் பார்த்துச் சேர். பத்துக்கு மேல் போனால் நல்லது.

வாயால் சொல்லாதே. அவர் எதிரில் தாளை எடுத்து ஒவ்வொன்றாகப் படி. பேச்சைக் காற்றில் விட்டுவிடுவார்கள்; தாளைப் பார்த்தால் யாரும் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பிப்பார்கள். என் கடையில் ஒருவர் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நாலு குறை சொன்னால் எனக்குச் சந்தோஷம். வாங்கப் போகிறவர்தான் குறை சொல்வார், சும்மா வந்தவர் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

குட்டிக்கு என் முத்தம். போய் வந்ததும் எழுது.

அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். நீ நலமா?

ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். நீ சொன்னபடி படித்தேன். மொத்தம் பதினான்கு வந்தது. அது சரிப்படவில்லை. வேறு பார்க்கலாம்.

ஆஸ்பத்திரியில் வேலை அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


பிப்ரவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இது என்ன, மருந்துச் சீட்டா? சரிப்படவில்லை என்றால் என்ன அர்த்தம்? அவர் என்ன விலை சொன்னார், நீ என்ன கேட்டாய், எதில் நின்றது?

சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். கோபித்துக்கொண்ட மாதிரி நடிக்கிறார். பத்து நாள் அந்தத் தெருப்பக்கம் தலை காட்டாதே. தானாகக் கூப்பிடுவார். இப்படி நூறு பேரைப் பார்த்தவள் நான்.

அக்கா


மார்ச் 8

தம்பி,

நான் நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் மேல் சந்தேகப்பட்டு அவரிடம் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை, பாவம் அவர். போன் செய்தால் "எல்லாம் நல்லா இருக்கோம் அக்கா" என்று சொல்லிக் குட்டியிடம் கொடுத்துவிடுகிறாய். அவள் எனக்கு ஒன்று முதல் இருபது வரை எண்ணிக் காட்டுகிறாள். வீடு என்ன ஆயிற்று?

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் தம்பிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவர் உங்களுக்கு எழுத உட்கார்கிறார், நாலு வரி எழுதிக் கிழிக்கிறார். நடந்ததைச் சொன்னால் உங்கள்மேல் பழி போட்ட மாதிரி ஆகிவிடுமாம். அதனால் நான் சொல்கிறேன். கோபம் என்னோடு போகட்டும்.

அன்றைக்கு இவர் தாளை எடுத்துப் படித்தார். பெரியவர் முழுவதையும் கேட்டார். பதினான்கும் முடிந்ததும் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார்.

"இதுல மூணு நெசமான குறைதான். குழாய் ஒழுகுது, கூடத்து மூலையில ஈரம், வாசல் கேட் கொக்கி தேஞ்சு போச்சு. மத்த பதினொண்ணும் குறையில்ல தம்பி. வேணும்னுதான் அப்படி வச்சேன்."

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் மனைவி என் தோள் உயரம்கூட இருக்கமாட்டாராம். ஸ்விட்சும் மேடையும் அந்த அம்மா கைக்கு எட்டும் அளவு. ஒரு தரம் அந்த அம்மா குளியலறையில் விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடக்க, உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாமல் பெரியவர் அரைமணி நேரம் வெளியே நின்றாராம். மறுநாளே கதவை மாற்றிவிட்டார். மூன்றாவது படி, அந்த அம்மா மூச்சு வாங்க உட்கார்ந்த இடம். பெரிய ஜன்னல் எதற்கு என்று கேட்டேன். "நான் முத்தத்துல வேலை செய்வேன், அவ உள்ள இருந்து திட்டுவா. சரியா கேக்கணும்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களால் சிரிக்க முடியவில்லை.

தண்ணீர் கொடுத்தார், குட்டிக்குக் கொய்யாப்பழம் கொடுத்தார். வாசலில் வைத்து, "உங்களுக்கு இந்த வீடு வேண்டாம்மா" என்று என்னிடம் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா சொல்லித்தான் செய்தேன் என்று உங்கள் தம்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்.

அண்ணி, எனக்கு அந்த வீடு வேண்டும். இவ்வளவு வெளிப்படையாக நான் எதையும் கேட்டதில்லை. இந்தத் தெருவில் ஒரு தரகர் அம்மா இருக்கிறார். அவரை அனுப்பிப் பார்க்கலாம் என்கிறேன். "அக்காகிட்ட எழுதிக் கொடுத்துட்டேன், தரகர் வேண்டாம்" என்று இவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் உடல்நலம் கவனம்.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி


மார்ச் 20

அன்புள்ள பெண்ணே,

நலம். உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் உன்மேல் கோபம் வந்தது, பிறகு அந்தப் பெரியவர்மேல். சாயங்காலத்துக்குள் வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

நான் விற்கும் பூட்டை நான் செய்யவில்லை. எவனோ செய்கிறான், பெட்டியில் வருகிறது, விற்கிறேன். அதைக் குறை சொன்னால் எனக்கு வலிக்காது, பேரம் என்று எடுத்துக்கொள்வேன். தான் செய்ததைத் தானே விற்கிறவரிடம் நான் இதுவரை சரக்கு வாங்கியதே இல்லை. இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு ஆளை எதிரில் பார்த்திருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டேன். என் தம்பியை அனுப்பிச் செய்ய வைத்தேன். அது இன்னும் மோசம்.

தரகர் அம்மாவை வை. இனி உங்களில் யார் நேராகப் போய் நின்றாலும் அவருக்கு அந்தத் தாள்தான் தெரியும். புது ஆள் வேண்டும். அந்த அம்மாவிடம் இரண்டு விஷயம் முதலிலேயே பேசிவிடு: கூலி உங்களிடம் மட்டும் வாங்க வேண்டும், அவரிடம் கை நீட்டக்கூடாது. பத்திரத்தை வேறொருவர் படித்துச் சரிபார்க்க வேண்டும். அதில் யாரையும் நம்பாதே.

இதோடு பெரியவருக்கு நான் எழுதிய கடிதம் நாலு பக்கம் வைத்திருக்கிறேன். தரகர் கையில் கொடுத்து அவரிடம் சேர்த்துவிடு.

அந்த மடையனிடம் சொல், அக்கா கோபமாக இல்லை என்று.

அண்ணி


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். மடையன் நலம். குட்டி இப்போது முப்பது வரை எண்ணுகிறாள். நடுவில் இருபத்தேழைப் பிடிக்கவில்லை என்று விட்டுவிடுகிறாள்.

தரகர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும், தோளில் பெரிய பை, பேச்சு குறைவு. உன் நாலு பக்கத்தையும் நம் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"இதை அவர்கிட்ட கொடுக்கமாட்டேன்" என்றார்.

"ஏங்க?"

"முதல் பக்கம் மன்னிப்பு. ரெண்டாவது பக்கத்துல குழாய் ரிப்பேருக்கு எவ்வளவு கழிப்பீங்கன்னு கேட்டிருக்காங்க. மூணாவதுல மறுபடி மன்னிப்பு. இதைக் கொடுத்தா பெரியவர் ரெண்டாவது பக்கத்தை மட்டும்தான் ஞாபகம் வச்சுப்பார்."

என் வீட்டுக்காரி சிரிப்பு தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அந்த அம்மா தனியாகத்தான் போனார். பெரியவர் பலகையைக் காட்டி, "படிக்கத் தெரியாதா?" என்று கேட்டாராம். "தெரியும். உங்ககிட்ட ஒரு பதினாலு ஐட்டம் தாள் இருக்காமே, அதைப் பத்திப் பேச வந்தேன்" என்றாராம். உள்ளே விட்டுவிட்டார். பலகைக்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது. முன்பு ஒரு தரகர் வந்து, அவர் காது கேட்கவே, "இதை இடிச்சிட்டு ரெண்டு மாடி போட்டுக்கலாம்" என்று யாரிடமோ சொன்னாராம்.

நம் தாள் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறதாம். நிஜமான மூன்று குறையையும் சரிசெய்து, ஒவ்வொன்றின் மேலும் கோடு போட்டு அடித்திருக்கிறார்.

தரகர் அம்மா அவரிடம் உன் கடிதத்திலிருந்து இரண்டே வரி சொன்னாராம். பெரியவர் தாளில் முதல் எட்டும் வேறு கையெழுத்தில் இருப்பதைத் தொட்டுக் காட்டி, "எட்டு குறையை வீட்டைப் பாக்காமலே கண்டுபிடிச்ச அந்த அம்மாவை நான் பாக்கணும். அவங்க வந்தா மேற்கொண்டு பேசலாம்" என்றாராம். விலையைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்றும் சொன்னாராம்.

வருகிறாயா அக்கா? ஆறு வருஷத்தில் ஒரு தரம்தான் வந்திருக்கிறாய்.

தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். விலையும் குறையாது, தரகர் கூலியும் உண்டு, போதாததற்கு நான் பஸ் ஏறி வந்து நேரில் திட்டு வாங்க வேண்டும். நல்ல பேரம். கடையை யாரிடம் விடுவேன்? இந்த மாதம்தான் கட்டட வேலைகள் எல்லாம் தொடங்கும். கதவு போடாத வீடு ஒன்று சொல்.

நாலு பக்கம் எழுதினேன், ராத்திரி தூக்கம் கெட்டு. அதில் எந்த இரண்டு வரியைச் சொன்னாராம்?

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நேற்று தரகர் அம்மாவிடம் கேட்டேன். பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து நாலாவது பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"என் தம்பிக்குக் குறை சொல்லத் தெரியாது. அவன் வாயில் வந்ததெல்லாம் நான் போட்டு அனுப்பியது."

இதைத்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு இதை நீ எழுதியது தெரியாது அக்கா. கடிதம் ஒட்டியிருந்தது, நான் பிரிக்கவில்லை.

ஜூன் கடைசிக்கு எட்டு வாரம் இருக்கிறது. வேறு இரண்டு வீடு பார்த்தோம். என் வீட்டுக்காரி இரண்டையும் நன்றாக இருக்கிறது என்றாள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நீதானே எழுதினாய்.

தம்பி


ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கும் என் அருமைப் பெண்ணுக்கும்,

சௌகரியமாக ஊர் வந்து சேர்ந்தேன். கடை நான் விட்டுவிட்டுப் போன மாதிரியே இருந்தது. என்னிடம் கேட்காமலே மூன்று நாள் வியாபாரம் நடந்திருக்கிறது. கொஞ்சம் வருத்தம்தான்.

நீங்களும் தரகர் அம்மாவும் வாசலில் நின்றபோது உள்ளே ஒன்றரை மணி நேரம் அவரோடு என்ன பேசினேன் என்று கேட்டீர்கள். கீல் பற்றி என்று சொன்னேன். பாதி உண்மை. மீதியை எழுதுகிறேன், எதிரில் சொன்னால் என் குரல் மாறும்.

பெரியவர் என்னைத் திட்டவில்லை. கதவு கதவாகக் கூட்டிப் போனார். ஒவ்வொரு கீலையும் தொட்டுக் காட்டினார், எங்கே வாங்கினார், எத்தனை தரம் எண்ணெய் விட்டார் என்று. நல்ல சரக்கு. நான் விற்பதைவிட நல்ல சரக்கு என்று அவரிடமே சொன்னேன். கூடத்தைத் தாண்டும்போது ஒன்றைக் கவனித்தேன். சுவரைத் தடவிக்கொண்டே நடக்கிறார். கதவு நிலைக்குக் குனிகிறார், ஆனால் அதைப் பார்ப்பதில்லை.

"கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுல பார்வையே போச்சு. இன்னொண்ணுக்கு ஆகஸ்ட்ல ஆபரேஷன்."

"இத யார்கிட்டயும் சொல்லலையே நீங்க."

"சொன்னா, கண்ணு போற அவசரத்துல விக்கிறான்னு விலையை அடிச்சுக் கேப்பாங்க. நீங்களே கேட்டிருப்பீங்க."

கேட்டிருப்பேன். ஒத்துக்கொண்டேன்.

மகன் சொல்லித்தான் பலகை வைத்தாராம்; வீட்டை விற்றதும் அவர் அந்த மகன் வீட்டுக்குப் போக வேண்டும். "இங்க எனக்குக் கண்ணு வேணாம்மா. எங்க படி, எங்க ஸ்விட்சுன்னு கைக்குத் தெரியும். புது வீட்டுல கட்டுப் போட்டுக்கிட்டு எதைப் பிடிச்சு நடப்பேன்? கட்டுப் பிரிக்கிறவரை இங்க இருக்கணும்." வந்தவர்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு காரணம் சொல்லி அனுப்பியது இதனால்தான். உங்களை அனுப்ப நம் தாள் ஒரு சாக்கு. நம்மேல் வருத்தமும் உண்டு, அதையும் சொன்னார்.

அங்கேயே பேசி முடித்துவிட்டேன், உங்களைக் கேட்காமல். பத்திரம் இந்த மாதம் பதிவாகும். அவர் ஆகஸ்ட் முடியும்வரை அங்கேதான் இருப்பார். விலையில் அவர் ஒரு காசு குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இதை வெளியே சொல்லாதீர்கள், கடைப் பெயர் கெட்டுவிடும். தரகர் அம்மாவை உள்ளே கூப்பிட்டதும், நாங்கள் வளவளவென்று பேசியதை ஒன்றரை வரியில் ஒப்பந்தமாக எழுதிக் கொடுத்தார். அவர் கூலியைக் கணக்குப் பார்க்காமல் கொடு.

இப்போது ஜூன் கடைசிக்கு என்ன செய்வது என்பது. தம்பி, நீ முன்னறையில் பெரியவரோடு இருந்துகொள். நீ மருந்துக் கடலில் மிதக்கிறவன், அவர் கண்ணுக்கு வேளாவேளைக்குச் சொட்டு விட உன்னைவிட ஆள் கிடையாது. அவரிடம் கேட்டுவிட்டேன். "தாள் எதுவும் கொண்டு வராம இருந்தா சரி" என்றார்.

என் அருமைப் பெண்ணும் குட்டியும் அந்த இரண்டு மாதம் இங்கே வரட்டும். குட்டிக்குப் பள்ளிக்கூடம் அடுத்த வருஷம்தானே. வாங்கினவர், விற்றவர், தரகர், எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது. மூன்று நாள் கடையைப் போட்டுவிட்டு வந்து நடுவில் நின்றவள் நான். எனக்குச் சேர வேண்டிய தரகு இது. இதில் பேரம் கிடையாது.

மாடி அறையைப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். அதன் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை என்று நேற்றுதான் கவனித்தேன். கடை நிறையத் தாழ்ப்பாளை வைத்துக்கொண்டு, பதினாறு வருஷமாக அந்தக் கதவுக்கு ஒன்று போடத் தோன்றவில்லை. உள்ளே இருந்து சாத்திக்கொள்ள அந்த அறையில் யாரும் இருந்ததில்லை. இன்று காலையில் நானே திருகி மாட்டிவிட்டேன். குட்டிக்கு எட்டும் உயரத்தில்.

எந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்று எழுது.

உங்கள்
அக்கா